சின்ன நாய்க்குப் பச்சைக் கறியா, பாக்கெட் உணவா?

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்கு 3 வயது, எடை 4 கிலோ, கருத்தடை செய்தாயிற்று. இதுவரை ட்ரை ஃபுட்தான். பச்சைக் கறிக்கு மாறினால் ரோமம் மின்னும், பல் சுத்தமாகும் என்கிறார்கள். மாறலாமா?

பதில்: ரோமத்தின் மினுமினுப்பு பெரும்பாலும் கொழுப்பால் வருவது. கொழுப்புச் சத்து சற்றுக் கூடுதலான ட்ரை ஃபுட்டிலும் அது கிடைக்கும். எலும்பைக் கடித்தால் பல்லில் காறை குறையலாம். கூடவே மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப் பல் பிளந்தும் போகலாம். ட்ரை ஃபுட் பல்லைத் தேய்த்துவிடும் என்பதும் கதைதான், நுனி பட்டதுமே அது நொறுங்கிவிடுகிறது. பல்லுக்கு பிரஷ்தான் வழி.

சிக்கல் கறியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. 100 கிராம் கோழிச் சதையில் கால்சியம் சுமார் 11 மில்லிகிராம், பாஸ்பரஸ் சுமார் 200. நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். இரு மடங்கைத் தாண்டக் கூடாது. வெறும் சதையே போட்டால் உடல் தன் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும். தாடை மெலியும், பல் ஆடும், சோபாவிலிருந்து குதித்தாலே கால் முறியும்.

80 சதவீதம் சதை, 10 எலும்பு, 5 ஈரல், 5 மற்ற உள்ளுறுப்பு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதிலும் துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், வைட்டமின் ஈ ஆகியவை பற்றாமல் போவது வழக்கம். உங்கள் நாய்க்கு நாளைக்கு 120 கிராம் கறி என்றால், ஈரல் வெறும் 6 கிராம். கை தவறி 20 கிராம் போட்டால், ஈரலிலிருந்து வரும் வைட்டமின் ஏ மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். 35 கிலோ நாய்க்கு இந்தத் தவறு ஒன்றுமே இல்லை. சின்ன நாய்க்குத்தான் கிராம் கணக்கு உதைக்கும். அதனால் முழுமையான பாக்கெட் உணவிலேயே இருங்கள் என்போம். பச்சைக் கறிதான் என்று மனம் நின்றால், உயர் அழுத்தத்தில் பதப்படுத்தி, 'முழுமையான உணவு' என்று அச்சிட்டு வரும் வகையை எடுங்கள்.

கேள்வி: ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடாதா?

பதில்: சில ஒட்டுண்ணிகள் சாகும். சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் உறங்கிக் கிடந்து, உறை விட்டதும் எழுந்துகொள்ளும். நாய்க்கு ஒன்றும் ஆகாமலே அதன் மலத்தில் கிருமி வெளியேறும். பச்சைக் கறி தின்ற அதே வாயால்தான் உங்கள் முகத்தையும் நக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் இருக்கும் வீட்டில் பச்சைக் கறி வேண்டவே வேண்டாம். மற்ற வீடுகளில், மூடிய டப்பாவில், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தே உறை நீக்குங்கள். குழாயடியில் கழுவாதீர்கள், தெறிக்கும் நீரில் கிருமி பரவும். அரை மணியில் மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிட்டு, கிண்ணத்தை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேயுங்கள்.

சின்ன நாய்க்கென்றே பலர் கோழிக் கழுத்து வாங்குகிறார்கள். 2018-இல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வு, பச்சைக் கோழியிலுள்ள கேம்பைலோபாக்டர் கிருமியை, பின்னங்காலில் தொடங்கி மேலேறும் ஒரு வாத நோயோடு தொடர்புபடுத்தியது. உணவுக்குழாயில் சிக்குகிற ஆபத்து வேறு.

கேள்வி: கறியை வேகவைத்துக் கொடுத்தால்?

பதில்: கிருமிப் பயம் தீரும், கால்சியம் குறை தீராது. முட்டை ஓட்டு மாவு 1 கிராமில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் உண்டு; 4 கிலோ நாயின் ஒரு நாள் தேவைக்குக் கிட்டத்தட்டச் சரி. மற்ற தாதுக்களுக்குக் கால்நடை மருத்துவரிடம் சரிபார்த்த செய்முறை வேண்டும். வெந்த எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும், தொடாதீர்கள்.

கேள்வி: பாக்கெட்டில் எதைப் பார்ப்பது? எவ்வளவு போடுவது?

பதில்: முன்பக்கப் படத்தை விடுங்கள். பின்பக்கம் 'முழுமையான உணவு' என்றிருக்கிறதா, 'துணை உணவு' என்றிருக்கிறதா என்று பாருங்கள். ஆஃப்கோ (அமெரிக்கா) அல்லது ஃபெடியாஃப் (ஐரோப்பா) அமைப்பின் செல்லப்பிராணி உணவுத் தரம், எந்த வயதுக்கு என்பதும் இருக்க வேண்டும்.

4 கிலோ நாய் சும்மா படுத்திருக்கவே சுமார் 200 கிலோ கலோரி வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு அதை 1.4 முதல் 1.6 வரை பெருக்குங்கள்: 280 முதல் 320. பாக்கெட்டில் 100 கிராமுக்கு 360 என்று போட்டிருந்தால், நாளைக்கு 78 முதல் 89 கிராம். கப்பால் அளக்காமல் தராசில் நிறுங்கள். தின்பண்டம் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்கட்டும். 10 கிராம் சீஸ் துண்டே 40 கிலோ கலோரி, அன்றைய கோட்டா அதோடு முடிந்தது! விலா எலும்பு, புறங்கையைத் தடவுவதுபோல் விரலில் தட்டுப்பட வேண்டும்.

மலிவு என்று 10 கிலோ மூட்டை வாங்காதீர்கள். தீர நான்கு மாதம் ஆகும்; திறந்த ஆறு வாரத்துக்குள் முடிக்காவிட்டால் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். 2 கிலோ போதும். டப்பாவில் கொட்டாமல் பையோடு வையுங்கள், தொகுதி எண் (பேட்ச் நம்பர்) அதில்தான் இருக்கிறது.

கேள்வி: உணவை மாற்றினால் வயிற்றுப்போக்கு வருகிறதே?

பதில்: புது உணவைக் கால் பங்கு, அரை, முக்கால் என்று கூட்டி, ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று நாள் நில்லுங்கள். மலம் இளகினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, முன்னங்காலைத் தாழ்த்தி முதுகை வளைத்து நிற்பது என்றால் கணைய அழற்சியாக இருக்கலாம். மினியேச்சர் ஷ்னாசர், யார்க்‌ஷயர் டெரியர் இனங்களுக்கு இது எளிதில் வரும். விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.