டாக்டரம்மா பதில்கள்: ஆணி, கம்பி, முள்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் மேலே ஏலமலையிலிருந்தும் வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் குத்துக் காயம் பற்றித்தான். அதனால் இந்த முறை தலைவலி, வாய்வு, முடி உதிர்வு எல்லாம் காத்திருக்கட்டும்.

புதுப்பட்டியிலிருந்து வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வருகிறேன். போன வாரம் ஸ்டோர் வாசலில் கிடந்த ஆணி ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறிவிட்டது. துருப்பிடித்த ஆணி. பிடுங்கியபோது ஒரு சொட்டு இரத்தம்தான் வந்தது. கூட வேலை பார்க்கும் அக்கா நல்லெண்ணெய் காய்ச்சி ஒற்றிவிட்டார். எட்டு மாதத்துக்கு முன்னால்தான் டி.டி. ஊசி போட்டேன். ஆறு மாதம்தான் தாங்கும், மறுபடி போடு என்கிறார்கள். இப்போதும் காலை ஊன்றினால் வலிக்கிறது. — புதுப்பட்டி வாசகர்

ஊசி வேண்டாம். ஆனால் டாக்டரிடம் போக வேண்டும். நம் ஊரில் இது தலைகீழாக நடக்கிறது. ஊசியைப் போட்டுக்கொண்டால் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறோம், காலை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்ததோ, இரண்டு தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. சின்ன வயதில் தவணை முழுதாகப் போட்டவர்களுக்கும், கர்ப்ப காலத்தில் போட்டதையும் சேர்த்து மூன்று தவணையாவது ஆனவர்களுக்கும் கணக்கு வேறு. மண், சாணம் பட்ட காயம், ஆழமான காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் ஒன்று போட வேண்டும். சுத்தமான சின்னக் காயத்துக்கு 10 வருடம். எட்டு மாதம் என்றால் உங்களுக்கு இப்போது தேவையே இல்லை. ஒரு தவணையும் போட்டதாக நினைவில்லாதவர்கள் கதை வேறு. அழுக்கான ஆழக் காயத்துக்கு அவர்களுக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் சேர்த்துப் போட வேண்டும், பாக்கித் தவணைகளையும் முடிக்க வேண்டும். இப்போது போடும் ஊசியில் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்தே மருந்து இருக்கிறது. பழைய ஊசி இல்லையே என்று யோசிக்க வேண்டாம்.

துருவையும் விட்டுவிடுங்கள். டி.டி. ஊசி தடுக்கும் இரணஜன்னி (டெட்டனஸ்) துருவிலிருந்து வருவதில்லை. அதன் கிருமி மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் விதை மாதிரி உறங்கிக் கிடக்கும், காற்றுப் புகாத ஆழம் கிடைத்தால் முளைக்கும். தோட்டத்து மண்ணில் கிடந்த புத்தம் புது ஆணியும் அதைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிடும். அகலமாக வெட்டுப்பட்ட காயத்தைவிட ஆணி ஏறிய ஓட்டைக்கு நான் அதிகம் பயப்படுவது இதனால்தான். இரத்தம் வராததை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் இரத்தமும் அழுக்கை வெளியே தள்ளவில்லை, வாயும் சீக்கிரம் மூடிக்கொண்டது என்றுதான் அர்த்தம்.

இனி உங்கள் செருப்பு. ஆணி நேராகக் காலில் ஏறுவது ஒன்று, ரப்பரைத் துளைத்துக்கொண்டு ஏறுவது இன்னொன்று. ஈரமான ரப்பருக்குள் சூடோமோனாஸ் என்ற கிருமி குடியிருக்கும். அது குதிகால் எலும்பு வரை போய்ச் சீழ் பிடிக்க வைக்கலாம். பெரும்பாலும் முதல் நாலைந்து நாளில் வலி குறைவது போல இருக்கும், அப்புறம் ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஊன்ற முடியாமல் திரும்ப வரும். எலும்பில் வரும் மாற்றம் எக்ஸ்ரேயில் தெரியவே 10 நாள், இரண்டு வாரம் ஆகும். ‘எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது’ என்று ஒருமுறை சொன்னதை நம்பி அதற்கப்புறமும் நொண்டிக்கொண்டு நடக்கக் கூடாது. டாக்டரிடம் போகும்போது அந்தச் செருப்பையும் எடுத்துப் போங்கள். ஓட்டையைச் சுற்றி ரப்பர் நறுக்கென்று வட்டமாகப் பெயர்ந்திருந்தால், காணாமல் போன அந்தத் துணுக்கு உங்கள் குதிகாலுக்குள் இருக்கலாம். அது உள்ளே இருக்கும்வரை எந்த மாத்திரைக்கும் சீழ் அடங்காது.

காயம் பட்ட அன்றைக்குச் செய்ய வேண்டியது எண்ணெய் ஒத்தடம் அல்ல. சூடான எண்ணெய் தோலைப் பொசுக்கும், ஓட்டைக்குள் இறங்கவும் இறங்காது. முதலில் உங்கள் கையைக் கழுவுங்கள். அப்புறம் குழாயடியில் காலை வைத்துச் சோப்புப் போட்டு ஐந்து, பத்து நிமிடம் நல்ல தண்ணீர் ஓட விடுங்கள். மேலே மஞ்சள், காப்பித்தூள், வெற்றிலைச் சுண்ணாம்பு எதையும் அடைக்காமல், சுத்தமான துணியை லேசாகக் கட்டினால் போதும். ஆணி ஆழமாக இறங்கி அசையாமல் நின்றாலோ, ஒடிந்திருந்தாலோ பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி ஏறிக்கொண்டே போவது, சிவப்பு பரவுவது, காலில் சிவப்புக் கோடு மேலே ஓடுவது, தொடை இடுக்கில் நெறி கட்டுவது, சீழ், காய்ச்சல், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே பார்க்க வேண்டும். தாடை இறுகி வாய் திறக்க வரவில்லை என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. காயம் பட்டு 3 நாளிலிருந்து 21 நாள் வரைக்கும் அது வரலாம்.

நாள்கூலி போய்விடுமே என்பது எனக்குப் புரிகிறது. இப்போது அரை நாள் போகும். எலும்பில் சீழ் வைத்தால் ஊசியும் ஓய்வுமாக வாரக் கணக்கில் போகும்.

திராட்சைப் பந்தலில் கம்பி இழுத்துக் கட்டும்போது என் வீட்டுக்காரருக்கு ஆள்காட்டி விரலில் கம்பி முனை குத்திவிட்டது. புள்ளி அளவு காயம். மூன்றாம் நாள் விரல் முழுவதும் வீங்கி, மடங்கியபடியே இருக்கிறது, நீட்ட விடமாட்டேன் என்கிறார். தாங்கிக்கொள்கிறேன் என்று வீம்பு பண்ணுகிறார். — காமயகவுண்டன்பட்டி வாசகி

கடிதம் கிடைத்ததும் போனில் கூப்பிட்டு, அன்றைக்கே அவரை அழைத்துப் போகச் சொல்லிவிட்டேன் அம்மா. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

விரலை மடக்கும் நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் தசைநாண். அது ஒரு மெல்லிய உறைக்குள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. குத்திய இடத்துக்கும் அந்த உறைக்கும் நடுவில் விரலில் கனமான சதை கிடையாது. கிருமி உறைக்குள் புகுந்தால் விரலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சட்டென்று ஓடிவிடும். விரல் முழுவதும் சீராக வீங்குவது, லேசாக மடங்கியே நிற்பது, உள்ளங்கைப் பக்கம் விரல் நெடுகத் தொட்டால் வலிப்பது, அடுத்தவர் நுனியைப் பிடித்து நீட்டினால் துடித்துப்போவது, இந்த நாலும் சேர்ந்தால் மாத்திரை வாங்கித் தின்று பார்க்கும் விஷயமில்லை. கை அறுவை பார்க்கும் டாக்டர் அன்றைக்கே உறையைக் கழுவிவிட வேண்டி வரலாம். தள்ளிப்போட்டால் விரல் பிழைத்தாலும் மடங்காது. பந்தல் வேலைக்காரருக்கு மடங்காத ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு கத்தரிக்கோல் பிடிப்பது எப்படி? மோதிரம் போட்டிருந்தால் வீக்கம் ஏறுவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

இதோடு ஒன்று, ஜீப் ஒர்க் ஷாப் தம்பிகளுக்கு. கிரீஸ் கன் விரலில் பீச்சிவிட்டால் வெளியே தெரிவது ஊசி குத்தின புள்ளிதான், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே கிரீஸ் விரல் நெடுக ஏறியிருக்கும். வீங்குகிறதா பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. கையைத் துடைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

நான் சர்க்கரை நோயாளி, பதினோரு வருடமாக மாத்திரை. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன், செருப்பு கிடையாது. சத்திரம், புல்மேடு வழியாக நடந்து போவதாக நேர்ச்சை. நேற்று குளிக்கும்போது பாதத்தில் கறுப்பாக ஒரு முள் ஒடிந்து நிற்பதைப் பார்த்தேன். எப்போது குத்தியது என்றே தெரியவில்லை. வலியில்லாததால் விட்டுவிடலாமா? — கூடலூர் வாசகர்

சாமி, வலிக்கவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடிக்காத செய்தி. முள் ஏறியதே தெரியாத பாதம் உணர்ச்சி இழந்த பாதம். அதில் காயம் தானாக எச்சரிக்கை தராது.

நாளைக்கே போய் முள்ளை எடுத்துவிடுங்கள். வீட்டில் ஊக்கை வைத்து நோண்ட வேண்டாம், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இடத்தில் ஒரு ஓட்டை இரண்டாகும். அங்கேயே பாதத்தின் உணர்ச்சியையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றால் பாதத்தில் சில இடங்களைத் தொடுவார்கள். தொட்டது தெரிந்தால் ‘ம்’ சொல்ல வேண்டும். இழை வளைந்து நின்றும் ‘ம்’ வராத இடங்கள்தான் ஆபத்தான இடங்கள். பாதத்தின் நாடித் துடிப்பையும் பார்ப்பார்கள்.

விரதத்தைப் பற்றிப் பேச நான் ஆளில்லை. குருசாமியிடம் மறைக்காமல் நிலைமையைச் சொல்லுங்கள். என் கருத்து கேட்டால், உணர்ச்சியில்லாத பாதத்தோடு காட்டுப் பாதையில் வெறுங்காலாக நடக்கக் கூடாது. செருப்புப் போட அனுமதி வாங்குங்கள், அல்லது இந்த வருடம் பம்பை வரை வண்டியில் போய் நடையைக் குறையுங்கள். வழியில் தினமும் ராத்திரி, கூட வரும் சாமி ஒருவர் டார்ச் அடித்து உங்கள் இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்கட்டும். காலைச் சுடுதண்ணீரில் ஊற வைக்க வேண்டாம், சூடும் உங்களுக்குத் தெரியாது. காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால் எங்கோ சீழ் வைக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

ஏழு வயதுப் பேத்தியின் கையில் தெருப் பூனைக்குட்டி கடித்துவிட்டது. இரண்டு புள்ளி மட்டும்தான். சுண்ணாம்பு தடவினேன். குட்டிதானே, ஊசி அவசியமா? அவள் அப்பா அம்மா கேரளாவில் கட்டப்பனையில் வேலை பார்க்கிறார்கள், அடுத்த வாரம் கூட்டிப் போய்விடுவார்கள். — கம்பம் பாட்டி ஒருவர்

அவசியம், பாட்டி. பூனைப் பல் மெல்லியது, நேராக ஆழத்துக்கு இறங்கும். தோலைத் துளைத்த கடி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வெறிநோய்க் கணக்கில் மூன்றாம் வகை, அதாவது இருப்பதிலேயே கடுமையானது. சுண்ணாம்பைக் கழுவிவிட்டு, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசியோடு, கடித்த இடத்திலேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். தையல் போட விடாதீர்கள்.

தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி போட்ட நாள், அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து என்று வரும். முதல் ஊசி கம்பத்திலும் மற்றது கட்டப்பனையிலும் போட்டுக்கொள்ளலாம், எல்லை தாண்டினால் ஊசி செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த மருந்து, தோலிலா தசையிலா, என்றைக்கு என்று எழுதிய சீட்டு பிள்ளையோடு போக வேண்டும். குட்டி கண்ணில் படும் இடத்திலேயே திரிந்து, 10 நாள் நன்றாக இருந்தால் மிச்ச ஊசியைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார். அதற்காக முதல் ஊசியை நிறுத்தி வைக்கக் கூடாது. கை ஒரே ராத்திரியில் வீங்கிச் சிவந்தால் அது பூனை வாயில் இருக்கும் வேறு கிருமியின் வேலை, அதற்குத் தனி மாத்திரை உண்டு.

ஈச்ச முள் முழங்கால் பக்கம் குத்தி ஒடிந்துவிட்டது. எருக்கம்பால் வைத்தால் வெளியே வந்துவிடும் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் முள் தெரியவில்லை, அப்படியென்றால் இல்லை என்றுதானே? — குமுளி வாசகர்

இல்லை. ஆணி, கம்பி எக்ஸ்ரேயில் தெரியும், கண்ணாடிச் சில்லும் பெரும்பாலும் தெரியும். முள்ளும் மரச்சிராயும் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ரா சவுண்ட் எடுத்துப் பாருங்கள். ஈச்ச முள் நுனி மூட்டுக்குள் தங்கிவிட்டால் கிருமியே இல்லாமலும் மாதக் கணக்கில் மூட்டு வீங்கி வீங்கி அடங்கும், வாதம் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். முழங்காலை மடக்க வலித்தால், குத்தியது எந்த மாதம் என்றாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக முள்ளைப் பற்றிச் சொல்லுங்கள். எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும், அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்தால் கண்ணும் கெடும். முள் எடுக்க அது உதவாது.