ஒரே ஃபங்ஷனுக்காக இரண்டு லட்சம் முறை கம்பைல் செய்யாதீர்கள்

கேள்வி: சி மொழியில் எழுதிய எங்கள் புரோகிராம், ஆலையின் சென்சார்கள் பதிந்த கோப்புகளைப் படிக்கிறது. ஒரு கோப்பில் 2 லட்சம் வரிகள். வரிக்கு ஒரு முறை, லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய 'திருத்து' ஃபங்ஷனைக் கூப்பிடுகிறோம். மிகவும் மெதுவாக ஓடுகிறது. ஐந்தாவது கோப்பு முடியப்போகும் நேரத்தில் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்று நின்றுவிடுகிறது. ஜிட் (ஓடும்போதே இயந்திரக் கட்டளையாக மாற்றும் வசதி) உள்ள லுவாவுக்கு மாறி, லுவா அழைப்புகளை எளிதாக்கித் தரும் ஒரு ரேப்பர் லைப்ரரியும் வாங்கினால்தான் சரியாகும் என்கிறார் ஓர் ஆலோசகர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய பத்து வரி புரோகிராமிலேயே இரண்டு கோளாறுகளும் தெரிகின்றன.

'ரிட்டர்ன் திருத்து(41.7)' என்று ஒரு வாக்கியத்தை சி-யில் எழுத்துகளைக் கோத்துத் தரும் எஸ்பிரிண்ட்எஃப் கொண்டு கட்டி, லுவாஎல்_டூஸ்ட்ரிங்கிடம் கொடுக்கிறீர்கள். அது அந்த எழுத்துகளைப் படித்து, கம்பைல் செய்து (ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி), அப்புறம்தான் ஓட்டும். இது 2 லட்சம் முறை நடக்கிறது. பயிற்சி நிலையங்கள் இந்த உதாரணத்தோடு பாடத்தை முடித்துவிடுகின்றன. படித்தவர்கள் அதையே ஆலைக்குக் கொண்டுவருகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சி-க்குள் உட்கார்ந்து வேலை செய்வதற்கென்றே 1993-ல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவான மொழி லுவா. இதற்கான வழியை அதிலேயே வைத்திருக்கிறார்கள்.

ஸ்கிரிப்ட்டை ஒரே முறை ஏற்றுங்கள். 'திருத்து' ஃபங்ஷனை லுவா_கெட்குளோபல் மூலம் எடுத்து, லுவாஎல்_ரெஃப்பிடம் கொடுங்கள். அது ஒரு எண் தரும். டோக்கன் மாதிரி அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் லுவா_ராகெட்ஐ மூலம் அந்த டோக்கனுக்குரிய ஃபங்ஷனை ஸ்டாக்கில் (சி-யும் லுவாவும் மதிப்புகளைக் கைமாற்றிக்கொள்ளும் அடுக்கில்) ஏற்றி, லுவா_புஷ்நம்பரால் அளவைத் தள்ளி, லுவா_பிகால் மூலம் கூப்பிட்டு, விடையை லுவா_டுநம்பரால் படித்துக்கொள்ளுங்கள். எழுத்தும் இல்லை, கம்பைலும் இல்லை.

அடுத்தது உங்கள் ஸ்டாக். லுவா_டுநம்பர் விடையைப் பார்த்துச் சொல்லுமே தவிர, ஸ்டாக்கிலிருந்து எடுக்காது. எடுத்துப் போடும் லுவா_பாப்பை நீங்கள் எழுதவே இல்லை. ஒவ்வொரு விடையும் அங்கேயே தங்குகிறது. லுவா ஸ்டாக்கின் வழக்கமான உச்சவரம்பு 10 லட்சம் இடங்கள். ஐந்து கோப்புகளை 2 லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள். பிகால் தோல்வியடைந்தாலும் பிழைச் செய்தி ஒன்று ஸ்டாக்கில் கிடக்கும்; அதையும் எடுத்துவிட வேண்டும்.

ஆலோசகர் விஷயத்துக்கு வருகிறேன். ஜிட் என்பது லுவா கோடு ஓடும் வேகத்தைக் கூட்டுவது. உங்கள் நேரம் கரைவது பெரும்பாலும் கம்பைலில். அதை அளந்து காட்டாமல் பொருளை விற்க வருகிறவரை நம்பாதீர்கள். ரேப்பரை வாங்கினாலும் உள்ளே இதே பிகால்தான். பத்து வரி திருத்தத்துக்குக் கையெழுத்துப் போடாத நிர்வாகங்கள் லைசென்ஸ் பில்லுக்கு மட்டும் உடனே போடுகின்றன; அதனால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரிப்ட்டைத் திருத்தி மறுபடி ஏற்றுவீர்கள் என்றால், கையில் உள்ள டோக்கன் பழைய ஃபங்ஷனையே காட்டும். பெயர் 'திருத்து'தான், ஆனால் பெயருக்குப் பின்னால் இருப்பது புதியது, டோக்கனுக்குப் பின்னால் இருப்பது பழையது. பிழை எதுவும் வராது. புதுச் சூத்திரம் போட்டுவிட்டோம் என்று நீங்கள் நினைத்திருக்க, பழைய கணக்கே வந்துகொண்டிருக்கும். எனவே ஏற்றும் ஒவ்வொரு முறையும் லுவாஎல்_அன்ரெஃப்பால் பழைய டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெயரைத் தேடிப் புது டோக்கன் வாங்குங்கள். திருப்பிக் கொடுக்காவிட்டால் பழைய ஃபங்ஷன் நினைவகத்திலிருந்து போகவே போகாது.

இதற்குப் பிறகும் வேகம் போதாவிட்டால், ஆயிரம் அளவுகளை ஒரு டேபிளில் அடுக்கி ஒரே அழைப்பில் அனுப்பி, லூப்பை லுவாவிலேயே வையுங்கள். இப்போதைக்கு லூப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் லுவா_கெட்டாப் தரும் எண்ணை (ஸ்டாக்கில் எத்தனை மதிப்புகள் என்பதை) அச்சிடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே எண் வந்தால் ஆறாவது கோப்பும் ஓடும்.