கூரை சேதத்துக்கான இன்சூரன்ஸ் க்ளெய்மை மறுத்துவிட்டார்கள், யாரிடம் உதவி கேட்பது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் வீடு, பலத்த காற்றில் ஓடுகள் பெயர்ந்து படுக்கையறை சீலிங் விழுந்துவிட்டது, 'நாளடைவில் ஏற்பட்ட தேய்மானம்' என்று சொல்லி இன்சூரன்ஸில் மறுத்துவிட்டார்கள், கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, வக்கீலைப் பார்ப்பதா, பாலிசி எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ் புரோக்கரைப் பார்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கூரை வேலை தெரிந்த ஒரு நல்ல ஆளைப் பிடியுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டிலும் இதே கடிதம், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளோடு வந்தது.

நான் தென்காசிப் பக்கம். கல்யாணமாகி, டர்பனுக்கு வடக்கே இருக்கும் டொங்காட் வந்து 14 வருஷம் ஆகிறது. வீடு என் மாமனார் கட்டியது. 2024 ஜூன் 3, திங்கட்கிழமை, இங்கே டொர்னேடோ அடித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். பக்கத்து மக்வவேனிப் பகுதியில் வீடுகள் தரைமட்டமாயின, பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எங்கள் வீடு அதன் பாதையில் இல்லை, ஓரத்துக் காற்றுதான் பட்டது. அதற்கே வடக்குச் சரிவில் நாற்பது ஓடு போல எகிறிவிட்டது. ராத்திரி மழை. அத்தையின் அறையில் ரைனோபோர்டு (ஜிப்சம் பலகை) சீலிங் நடுவில் தண்ணீர் தேங்கி, நிறைமாதக் கர்ப்பிணி வயிறு மாதிரி இறங்கி நின்றது. என் கணவர் கீழே வாளியை வைத்து, ஸ்க்ரூடிரைவரால் ஒரு ஓட்டை போட்டார். தண்ணீர் பழுப்பு நிறத்தில் ஊற்றியது. விடிவதற்குள் பாதி சீலிங் கட்டில் மேல் கிடந்தது. அத்தையை அதற்குள் எங்கள் அறைக்கு மாற்றிவிட்டோம்.

ஊரில் உயிரே போயிருக்கும்போது நாம் ஓட்டுக்குப் பணம் கேட்பதா என்று முதல் இரண்டு நாள் தயங்கினேன். தயங்கியிருக்கக் கூடாது. அத்தனை வருஷம் கட்டிய பிரீமியம் இந்த நாளுக்காகத்தான்.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய அசெஸர் ஒன்பதாம் நாள் வந்தார். மொத்தம் இருபது நிமிஷம். ஏணி வைத்துத் தெற்குச் சரிவை மட்டும் பார்த்தார். இந்த நாட்டில் வீட்டின் தெற்குப் புறத்தில் வெயில் குறைவாகத்தான் விழும், அதனால் அந்தப் பக்கத்து ஓட்டில் பாசி பிடிக்கும். அவர் படம் எடுத்ததெல்லாம் அந்தப் பாசியை. ஓடு பறந்தது வடக்குச் சரிவில். ஜூன் கடைசியில் கடிதம் வந்தது: தேய்மானம், பராமரிப்பின்மை, ஆகவே க்ளெய்ம் இல்லை. புரோக்கரைக் கூப்பிட்டால், "இந்த மாதிரி கேஸில் பெரும்பாலும் இப்படித்தான், விட்டுடுங்க" என்றார்.

விடவில்லை. அத்தைக்குக் கோயிலில் பழக்கமான ஒரு பெரியவர், நாற்பது வருஷம் கூரை வேலையே செய்தவர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் அங்கிள்தான். எழுபது வயதில் அவரே ஏறினார். முக்கால் மணி நேரம் மேலே இருந்துவிட்டு, இறங்கும்போது இரண்டு ஓட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்து வைத்தார். ஒன்றின் உடைந்த முகம் கறுத்து, ஓரத்தில் பச்சையாக இருந்தது. மற்றொன்றின் உடைந்த முகம் வெளிர்ச் சாம்பல் நிறம், தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டியது. "பாரும்மா, இது எப்பவோ உடைஞ்சது. இது அன்னிக்குக் காத்துல உடைஞ்சது" என்றார். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு முழு விஷயமும் புரிந்துவிட்டது. கூரை பழசா புதுசா என்பதை வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் நாம் தோற்போம். எந்த ஓடு எதனால் போனது என்று ஒவ்வொன்றாகப் பேச வேண்டும். பழைய கூரையும் காற்றில் பறக்கும். பழசு என்பதாலேயே அதைக் காற்று பறிக்கவில்லை என்று ஆகிவிடாது.

அவரிடம் அறிக்கை எழுதி வாங்கினோம். அதில் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. தெற்குப் பக்கம் முகட்டு ஓட்டுக்கு அடியில் இருந்த சாந்து பல வருஷமாக உதிர்ந்துதான் கிடக்கிறது, அது இந்தக் காற்றால் ஆனதில்லை என்று எழுதப் போகிறேன் என்றார். எனக்கு முதலில் பயமாக இருந்தது. ஆனால் அந்த வரிதான் மற்ற வரிகளை நம்ப வைத்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வடக்குச் சரிவில் ரீப்பர் கட்டைகள் உறுதியாக இருக்கின்றன, ஆணிகள் ஒரே திசையில் வளைந்து பிடுங்கியிருக்கின்றன, உடைப்புகள் புதியவை, மழைநீர் இறங்கிய இடமும் சீலிங் விழுந்த இடமும் நேருக்கு நேர் இருக்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் ஒரு படத்தின் எண். இரண்டு பக்கம், கீழே கையெழுத்து, தேதி.

உங்களுக்கும் இதுதான் வேண்டும். விலைப்பட்டியல் போதாது. நிறைய பேர் 'கூரையைச் சரிசெய்ய இவ்வளவு ராண்ட்' என்று ஒரு கொட்டேஷனை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். மறுத்தவர்கள் தொகையை மறுக்கவில்லை, காரணத்தை மறுத்தார்கள். பதிலும் காரணத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

அதோடு நாங்கள் மூன்று விஷயம் சேர்த்தோம். 2021-ல் முகட்டையும் சில ஓடுகளையும் சரிசெய்த ரசீது, அத்தையின் பேக்கர்ஸ் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தது. கூரையைக் கவனிக்காமல் விடவில்லை என்பதற்கு அது சாட்சி. அடுத்தது, அந்த ஜனவரியில் தைப்பூசத்துக்குக் காவடியோடு கிளம்பும்போது வீட்டு வாசலில் எடுத்த குடும்பப் படம். எல்லோர் தலைக்கும் மேலே வடக்குச் சரிவு முழுசாக, ஒரு ஓடு விலகாமல் தெரிகிறது. உங்கள் ஃபோனையும் உறவுக்காரர்கள் ஃபோனையும் தேடிப் பாருங்கள், தீபாவளிப் படமோ பிறந்தநாள் படமோ ஏதோ ஒன்றில் கூரையும் பதிவாகியிருக்கும். மூன்றாவது, அன்றைய வானிலை விவரம். தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையிடம் எழுதிக் கேட்டால், பக்கத்து நிலையத்தில் பதிவான காற்று, மழை அளவுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு தருவார்கள். எங்களுக்குக் கிங் ஷாகா விமான நிலையம் கூப்பிடு தூரம். உங்களுக்கு எது பக்கம் என்று அவர்களையே கேளுங்கள்.

சட்டம் இங்கே உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. காற்றாலும் மழையாலும் சேதம் வந்தது என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. அதைக் காட்டிவிட்டால், 'இல்லை, இது தேய்மானம், பாலிசியில் விலக்கப்பட்டது' என்று நிரூபிப்பது அவர்கள் பொறுப்பு. சும்மா சொன்னால் போதாது. 2018-லிருந்து நடைமுறையில் உள்ள பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகளின்படி, மறுப்பை எழுத்தில், காரணத்தோடு தர வேண்டும். அந்தக் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் நீங்கள் அதை எதிர்த்து எழுதலாம். எழுதியது அவர்கள் கைக்குப் போன 45 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். ஃபோனில் யாராவது 'முடிந்துபோன கேஸ்' என்றால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நாங்கள் ஜூலை நடுவில் அனுப்பினோம். கடிதம் ஒரே பக்கம்தான். கோபமாக எழுதவில்லை. 'உங்கள் அசெஸர் வடக்குச் சரிவைப் பார்க்கவில்லை, அவர் எடுத்த படங்களை அனுப்புங்கள், எங்கள் அறிக்கை இத்துடன் இருக்கிறது, மறுபடியும் வேறொருவரை அனுப்பிப் பாருங்கள்' என்று கேட்டோம். ஆகஸ்டில் வேறொரு அசெஸர் வந்தார். இந்த முறை நானும் பக்கத்திலேயே நின்றேன், அங்கிளும் வந்தார். உடைந்த ஓடுகளை ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தோம், அதைக் கொட்டிக் காட்டினோம். தயவுசெய்து உடைந்ததைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வடக்குச் சரிவுக்கும் சீலிங்குக்கும் எக்ஸஸ் (நாமே ஏற்க வேண்டிய முதல் பங்கு) போகப் பணம் வந்தது. தெற்கு முகட்டுக்கு வரவில்லை, அதை நாங்களே செய்துகொண்டோம். அது நியாயம்தான். அத்தையின் மெத்தையும் அலமாரியும் நனைந்து போனதற்கு ஒன்றும் வரவில்லை. அவையெல்லாம் வீட்டுப் பொருள்களுக்கான தனிப் பாலிசியில் வரும், எங்களிடம் கட்டடத்துக்கான பாலிசி மட்டுமே இருந்தது. பாண்ட் (வீட்டுக் கடன்) எடுத்தபோது வங்கி வற்புறுத்திய பாலிசி அது, அதை வைத்தே எல்லாம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

எதிர்த்து எழுதியும் மறுத்தால்தான் அடுத்த படி. 2024 மார்ச் 1 முதல் நான்கு ஓம்பட் (நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும்) அலுவலகங்கள் ஒன்றாகி, நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்பட் என்று இயங்குகின்றன. வீட்டு இன்சூரன்ஸ் புகார்களும் அங்கேதான். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நிறுவனத்திடம் முதலில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. அதனால் எதிர்ப்புக் கடிதத்தை நன்றாக எழுதினால், அதையே அங்கேயும் அனுப்பலாம், இரட்டை வேலை இல்லை. பாலிசி விற்றபோது புரோக்கர் தவறாக ஆலோசனை சொன்னார் என்பது உங்கள் குறை என்றால், அது ஃபைஸ் ஓம்பட் என்ற வேறு அலுவலகம்.

வக்கீல் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தொகை பெரியது, ஓம்பட்டிலும் சரிவரவில்லை என்றால் போகலாம். வீட்டுக்கே வந்து 'க்ளெய்மை நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்பவர்களிடம்தான் எனக்குப் பயம். டொர்னேடோ முடிந்த வாரத்தில் எங்கள் தெருவிலும் சிலர் வந்தார்கள். வரும் பணத்தை அவர்கள் பெயருக்கு மாற்றிக்கொடுக்கும் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று, இது உங்களுக்குக் கண்டிப்பாகத் தேவைப்படும். பாலிசியில் வீட்டுக்கு எவ்வளவு தொகை போட்டிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அது வீட்டை மறுபடியும் கட்ட ஆகும் செலவாக இருக்க வேண்டும். வீடு விற்கும் விலையோ, மீதியிருக்கும் பாண்ட் தொகையோ இல்லை. கட்ட 20 லட்சம் ராண்ட் ஆகும் வீட்டை 10 லட்சத்துக்கு இன்சூர் செய்திருந்தால், ஒரு லட்சம் ராண்ட் சேதத்துக்குக்கூடப் பாதிதான் தருவார்கள். கூரை மட்டும்தானே போனது, 10 லட்சத்துக்குள்தானே வருகிறது என்று நாம் நினைப்போம், அவர்கள் கணக்கு அப்படி இல்லை. க்ளெய்ம் ஏற்கப்பட்ட பிறகும் பலருக்குப் பாதிப் பணம் வருவது இதனால்தான்.

கூரை திறந்து கிடந்தால் தார்ப்பாய் போடுங்கள், படம் எடுத்த பிறகு. மேலும் நனையவிட்டால் அந்தச் சேதம் உங்கள் தலையில் விழும். தார்ப்பாய்க்கும் ஆளுக்கும் கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கி அதையும் க்ளெய்மில் சேருங்கள். சீலிங்கை முழுசாகத் திறந்து உள்ளே வயரும் மரமும் பார்த்த பிறகுதான் 'முழுத் தீர்வு' என்ற தாளில் கையெழுத்து.

பின்பக்கம் பழைய ஷீட் கூரை இருக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சாட்ஸ்வொர்த்தில் அறுபதுகளில் முனிசிபாலிட்டி கட்டிய வீடு என்றால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் மேல் யாரையும் ஏறவிடாதீர்கள், சுத்தியலால் உடைக்கவோ, ப்ரெஷர் தண்ணீர் அடித்துக் கழுவவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் நோய் வர இருபது முப்பது வருஷம்கூட ஆகலாம், ஆனால் வந்தால் மீட்பில்லை. இந்த நாட்டில் 2008-ல் தடை செய்துவிட்டார்கள். இருப்பதைக் கழற்றவும் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்தான் வர வேண்டும் என்பது 2020 விதி. அதற்கான செலவையும் அறிக்கையில் தனியாக எழுதச் சொல்லுங்கள், சாதாரண ஷீட் கழற்றும் கூலியில் அது முடியாது.

மூன்று வாரம் என்றால் 21 நாள் போய்விட்டது, இன்னும் 69 நாள் இருக்கிறது. கடிதம் கையில் வந்த சரியான தேதி என்ன, அசெஸர் எந்தப் பக்கச் சரிவைப் பார்த்தார், இந்த இரண்டையும் கீழே எழுதுங்கள். உங்கள் எதிர்ப்புக் கடிதத்தை நான் உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.