பதில்: தார்ச்சாலையில் ஓட்டினால் ஃபெரட் இறுகிப்போகிறது

உங்கள் ஃபெரட், அதாவது அந்தப் பழைய பிரிட்டிஷ் ராணுவக் கவச வண்டி, தார்ச்சாலையில் இறுகுவதற்காகக் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டாம் நண்பரே. முன்னால் புது டயர், பின்னால் பழைய டயர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான்.

டைம்லரின் ஃபெரட்டில் ஒரே ஒரு டிஃபரன்ஷியல்தான். அது இடது, வலது சக்கரங்களின் வேக வித்தியாசத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஒரே பக்கத்து முன், பின் சக்கரங்கள் தண்டுகளாலும் பெவல் கியர்களாலும் (சுழற்சியைத் திசைதிருப்பும் சாய்வுப் பற்சக்கரங்கள்) பிணைந்தவை. தேய்ந்த டயர் சுற்றளவில் சிறியது. அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்ற வேண்டும், ஆனால் முடியாது. அந்த முறுக்கு தண்டுகளில் ஏறிக்கொண்டே போகும். சேற்றில் சக்கரம் வழுக்கி அது விடுபட்டுவிடும். தார்ச்சாலையில் வழியில்லை, அந்தப் பற்சக்கரங்கள் இருக்கும் பெவல் பெட்டிதான் சூடாகும்.

ஒவ்வொரு பக்கத்திலும் முன், பின் டயர்களின் சுற்றளவை நாடாவால் அளந்து ஜோடி சேருங்கள். காற்றழுத்தமும் ஒன்றாக இருக்கட்டும். சாலையில் போகும்போது அவ்வப்போது ஓரத்துப் புல்லில் இறக்கி ஓட்டுங்கள். ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கினாலும் முறுக்கு விடுபடும், ஆனால் சக்கரம் சட்டென்று சுழலும். கை பத்திரம்!

அப்புறம், பழைய ராணுவப் பதிவெண் கேட்டிருந்தீர்கள். அது மேல்பூச்சுகளுக்கு அடியில் இருக்கலாம். பெயின்டை மெல்லிய உப்புத்தாளால் அடுக்கடுக்காகத் தேயுங்கள். இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம் என்று தெரிந்தால் அதுதான்.