கோமுகத்துக்குக் கண்ணாடி போன வழி

அன்புள்ள ஐயா,

டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கங்கோத்ரி, கோமுகம் போகிறோம். 1866இல் சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் அங்கே எடுத்த படத்தைப் பார்த்தேன். வானம் வெறும் வெள்ளையாக இருக்கிறது, மேகமே இல்லை. திருத்திய படமா? கங்கை பிறக்கும் இடத்தை வெள்ளைக்காரர் படமெடுத்ததே தீட்டு என்கிறார் என் மாமியார்.

க., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள க.,

ஒரு பழைய படத்தை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறீர்களே, அதுவே சந்தோஷம். திருத்தவில்லை. அந்தக் காலத்து ஈரக் கொலோடியன் தகடு, அதாவது ரசாயனக் கரைசல் பூசிய கண்ணாடி, நீல ஒளியை மிகையாக வாங்கும். பாறை பதிவதற்குள் வானம் வெளுத்துவிடும். தீட்டுப் பேச்சை விடுங்கள்.

வானத்தைப் பார்த்த நீங்கள், அந்தக் கண்ணாடி அங்கே எப்படிப் போனது என்று ஏன் கேட்கவில்லை? கொஞ்ச நாளாக எனக்கு இதே நினைப்பு. தகடு 12க்கு 10 அங்குலம். கொலோடியனை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். ஆகவே கூடாரம், ரசாயனப் புட்டிகள், கண்ணாடிப் பெட்டிகள் எல்லாமே மலையேறின. அதே ஆண்டு 18,000 அடிக்கு மேலுள்ள மணிரங் கணவாய்க்கும் ஏறின. ஏற்றியவர்கள் மலைக்கூலிகள். அவர்கள் சுமையைப் போட்டுவிட்டு ஓடியதைப் போர்ன் பத்திரிகையில் கோபமாக எழுதினார். அந்தக் குளிரில், அந்தச் சுமையோடு, யார்தான் ஓடமாட்டார்கள்? படத்தோடு நமக்கு வந்து சேர்ந்தது போர்னின் பெயர் மட்டும்தான்.

என் அப்பா தஞ்சோங் பகாரில் மூட்டை தூக்கியவர். துறைமுகத்தின் பழைய படங்களை ஒரு கண்காட்சியில் வைத்திருந்தார்கள். கீழே கப்பலின் பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது. பலகையில் வரிசையாக ஏறும் ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அம்மா கண்ணாடிமேல் விரல் வைத்து முகம் முகமாகத் தேடினார். அப்பா அதில் இல்லை. அப்புறமும் நகரவில்லை, இவர்களெல்லாம் யார் பிள்ளைகளோ என்றார். பழைய மலைப்படம் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

சரி, உங்கள் பயணம். டிசம்பரில் போகிறேன் என்கிறீர்களே, யாரிடமாவது விசாரித்தீர்களா? தீபாவளியை ஒட்டிக் கங்கோத்ரி கோயில் நடை சாத்திவிடுவார்கள். கங்கை அம்மன் முக்பா கிராமத்துக்குப் போய்விடுவாள். மாமியாரைக் கூட்டிக்கொண்டு உறைபனியில் நிற்காதீர்கள். ஜூன் விடுமுறைக்கு மாற்றுங்கள். கோமுகத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே வாங்குங்கள். கங்கோத்ரியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் நடை. பை தூக்க ஆள் வைத்தால் பத்து வெள்ளிக்காகப் பேரம் பேசாதீர்கள்.