மோட்டார் கேள்வி பதில்: சீனாவுக்குள் வழிகாட்டி இல்லாமல் ஓட்ட முடியுமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்திருக்கிறோம். எல்லாரிடமும் 150 சிசி மோட்டார்தான். பெத்தோங், தாய்லாந்து, லாவோஸ் வழியாகச் சீனாவுக்குள் போய் மூன்று வாரம் சுற்ற ஆசை. "இப்போதுதான் விசாவே வேண்டாமே, வழிகாட்டி எதற்கு?" என்கிறார்கள் கூட்டாளிகள். சரியா ஐயா?

பதில்: விசா விலக்கு உங்களுக்குத்தான் தம்பி, மோட்டாருக்கு இல்லை. 2025 ஜூலை 17 முதல் மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் விசா இல்லாமல் ஒரு முறைக்கு 30 நாள் தங்கலாம். 180 நாளில் மொத்தம் 90 நாளைத் தாண்டக் கூடாது. அதை வைத்து ரயிலில் சுற்றலாம், பஸ்ஸில் சுற்றலாம். பேராக் நம்பர் பிளேட் போட்ட மோட்டாரோடு லாவோஸ் எல்லையூர் போத்தேனைத் தாண்டி, சீனப் பக்கத்து மோஹான் சாவடியில் நின்றால் சுங்கத்தார் கேட்கும் தாள்களே வேறு.

வண்டியைச் சுங்க வரி இல்லாமல் தற்காலிகமாகக் கொண்டுபோகப் பல நாடுகளில் செல்லுபடியாகும் கார்னே புத்தகத்தைச் சுற்றுலா வாகனங்களுக்குச் சீனா ஏற்பதில்லை. உரிமம் பெற்ற பயண நிறுவனம் ஒன்று உங்கள் மோட்டாருக்குப் பொறுப்பேற்று, அனுமதிகளை முன்கூட்டியே வாங்க வேண்டும். குறைந்தது இரண்டு மாதம் முன்னால் தொடங்குங்கள். கடப்பிதழ், உரிமம், ஜெரான் (மோட்டாரின் உரிமைப் பத்திரம்), நம்பர் பிளேட் தெரியும்படி எடுத்த படம், இன்ஜின் எண், சேஸிஸ் எண் எல்லாம் கேட்பார்கள். நுழையும் சாவடி, வெளியேறும் சாவடி, இடையில் தங்கும் ஊர்கள் எல்லாம் அப்போதே முடிவாகிவிடும். எல்லையில் மோட்டாரைச் சோதித்துத் தற்காலிக எண்ணும் தற்காலிக ஓட்டுநர் உரிமமும் தருவார்கள். வழிகாட்டி கூடவே வருவார். அவருடைய வண்டி, சாப்பாடு, அறை எல்லாம் உங்கள் கணக்கு. ஒருவர் போனாலும் ஐவர் போனாலும் வழிகாட்டி ஒருவர்தான் என்பதால், ஐந்து பேர் இருப்பது உங்களுக்கு நல்லதே.

நம் பக்கத்தில் அடிக்கடி சிக்குவது ஜெரான். மோட்டாரை ஓட்டுவது மகன், ஜெரானில் இருப்பது அப்பா பெயர். சீனாவரை போக வேண்டாம், தாய்லாந்துச் சாவடியிலேயே இதைக் கேட்பார்கள். பெயரை மாற்றிவிடுவது சுத்தம். இல்லையென்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டும். கடன் முடியாத மோட்டாருக்கு வங்கியின் கடிதம் வேண்டும்.

ஆக, சொந்த மோட்டார், வழிகாட்டி இல்லாத பயணம் இரண்டும் சேர்ந்து கிடைக்காது. எது முக்கியம் என்று ஐவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் மோட்டாரை வீட்டில் விட்டுவிட்டு, அங்கே போய் வாடகைக்கு எடுத்து ஓட்டினால் என்ன? என்னிடம் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் இருக்கிறது.

பதில்: அந்த உரிமத்துக்குச் சீனப் பெருநிலத்தில் மதிப்பு இல்லை. குறுகிய காலத்துக்கு வருபவர்களுக்குத் தற்காலிக உரிமம் உண்டு. ஆனால் சீன வண்டியை வாடகைக்கு எடுப்பவருக்கு அது சிறு காருக்கு மட்டும்தான் செல்லும், மோட்டாருக்குச் செல்லாது. இந்த ஒரு வரி தெரியாமல் டிக்கெட் எடுத்துவிடுகிறவர்கள் பலர்.

மோட்டார் ஓட்ட முழுச் சீன உரிமம் வேண்டும். மலேசிய உரிமத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மூன்று மாதமோ அதற்கு மேலோ தங்கும் விசா அல்லது தங்கும் அனுமதி கையில் இருக்க வேண்டும். 30 நாள் விலக்கு போதாது. மாணவர், வேலை பார்ப்பவர்களுக்குத்தான் இந்த வழி. முதலில் நம் உரிம அட்டை. கைப்பேசியில் மட்டும் வைத்திருப்பவர்கள் புறப்படுமுன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போனதும் அதற்கு அங்கீகரிக்கப்பட்ட சீன மொழிபெயர்ப்பு, காவல்துறையின் தங்குமிடப் பதிவுத் தாள், கண்ணும் நிறப்பார்வையும் பார்க்கும் மருத்துவச் சோதனை, பிறகு எழுத்துத் தேர்வு. 100க்கு 90 எடுக்க வேண்டும். பெரிய நகரங்களில் ஆங்கிலத்தில் எழுதலாம். சீனப்பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் மாண்டரினிலேயே எழுதிவிடலாம். ஆங்கில மொழிபெயர்ப்பு சில கேள்விகளில் குழப்பும்.

கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுக்கக்கூடும். அது அனுமதி ஆகாது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 200 முதல் 2,000 யுவான் வரை அபராதம், அதோடு 15 நாள் வரை தடுப்புக் காவலும் உண்டு. விபத்தானால் காப்புறுதி நிறுவனம் தான் கொடுத்ததை உங்களிடமே திரும்பக் கேட்கும்.

கேள்வி: மகன் குன்மிங்கில் படிக்கிறான். சீன உரிமம் எடுத்துவிட்டான், பழைய 150 சிசி மோட்டார் ஒன்றை வாங்கப் போகிறானாம். விடுமுறையில் தனியாகச் சுற்றுவேன் என்கிறான். எதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்?

பதில்: அம்மா, உரிமம் கையில் இருப்பதால் அவனுக்கு வழிகாட்டி தேவையில்லை. வாங்கும்போது மோட்டாரின் பதிவுப் புத்தகமும் ஓட்டும்போது வைத்திருக்கும் சிறு அட்டையும் இரண்டும் இருக்க வேண்டும். "புத்தகம் பிறகு வரும்" என்றால் விட்டுவிடச் சொல்லுங்கள். கட்டாயக் காப்புறுதி 50 முதல் 250 சிசி வரை ஆண்டுக்கு 120 யுவான், அதற்கு மேல் 400.

அடுத்தது சாலைப் பலகை. சிவப்புக் கட்டத்தில் ஜி எழுத்தும் மூன்று இலக்கமும் இருந்தால் சாதாரண தேசியச் சாலை. ஜி 213 மோஹான் வரை வருவது, ஜி 214 சிஷுவாங்பன்னாவிலிருந்து ஷாங்ரிலா பக்கம் ஏறுவது, எல்லாம் இந்த வகை. பச்சைப் பலகையின் தலையில் சிவப்புப் பட்டை இருந்து, எண் ஒன்று, இரண்டு அல்லது நான்கு இலக்கமாக இருந்தால் அது நெடுவிரைவுச் சாலை. நாட்டின் சட்டப்படி மோட்டார் அதில் 80 கி.மீ. வேகத்துக்குள், பின்னால் ஆள் இல்லாமல் போகலாம். ஆனால் பல மாநிலங்கள் சுங்கச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடும். வரைபடச் செயலியில் மோட்டாருக்கான வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் அது நெடுவிரைவுச் சாலைக்கே இழுக்கும். கூகள் வரைபடத்தில் அங்கே சாலையும் இருக்கும் இடமும் ஒன்றோடொன்று பொருந்தாது. காவ்தே செயலிதான் சரி.

நகரத் தடை இன்னொரு தலைவலி. குவாங்சோ 2007 தொடக்கத்திலிருந்து மோட்டாரை உள்ளே விடுவதில்லை. பெய்ஜிங்கில் பி வகைப் பிளேட் நான்காவது வட்டச்சாலைக்குள் போக முடியாது. ஊருக்கு வெளியே அறை எடுத்துக்கொண்டு, உள்ளே பஸ்ஸில் போகட்டும்.

பெட்ரோல் நிலையத்தில் முகம் சுளிக்க வேண்டாம். பல இடங்களில் குழாயை நேராகத் தொட்டியில் விடமாட்டார்கள். மோட்டாரைத் தள்ளி நிறுத்தச் சொல்வார்கள். ஊழியர் வளைந்த மூக்குள்ள இரும்புக் கூஜாவில் பிடித்துத் தருவார், தொட்டியில் ஊற்றுவது நம் வேலை. எத்தனை லிட்டர் என்று முதலிலேயே விரலைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். தொட்டி நிரம்பிய பிறகு கூஜாவில் மீதம் கிடந்தால் அதை வைத்து என்ன செய்வது? 92 எண் பெட்ரோல் போதும். கடப்பிதழ் கேட்டாலும் கேட்பார்கள்.

மலைக்குப் போவதானால்: சிச்சுவானில் உள்ள லித்தாங் ஊர் 4,000 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிந்துவிடும், கார்புரேட்டரோ அதே அளவு பெட்ரோலை விடும். கலவை கெட்டியாகி பிளக்கில் கரி பிடிக்கும், ஏற்றத்தில் இழுக்காது. பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை இரண்டு எண் குறைத்துப் போட வேண்டும். கீழே இறங்கியதும் பழைய ஜெட்டை மறக்காமல் மாற்ற வேண்டும். மறந்தால் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும். பெட்ரோல் இன்ஜெக்ஷன் மோட்டாருக்கு இந்த வேலை இல்லை, ஆனால் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு பலம் குறைவது அதற்கும் உண்டு. மோட்டாரைப் போலத்தான் ஆளும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குள் கூட்டுவது நல்லது.

திபெத்துக்குள் மட்டும் தனியாகப் போக முடியாது. உரிமம் இருந்தாலும் வெளிநாட்டவருக்குத் தனி அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். ஜி 318 சாலையில் திபெத்துக்கு முன்னால் உள்ள பாத்தாங் வரை போய்த் திரும்பலாம்.

கேள்வி: இத்தனை தொல்லை வேண்டாம். எல்லைவரை ஓட்டி, அங்கிருந்து ரயில் ஏறினால்?

பதில்: எங்களைக் கேட்டால் ஐவருக்கும் இதுதான் சரி. கிரிக், பெங்காலான் உலு, பெத்தோங் வழியாக ஏறுங்கள். லாவோஸில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வியந்தியானிலிருந்து குன்மிங்குக்கு 1,035 கி.மீ. ரயில் பாதை. 2023 ஏப்ரலிலிருந்து எல்லை தாண்டும் பயணிகள் ரயில் ஓடுகிறது. மோட்டாரை வியந்தியானில் காவலுள்ள இடத்தில் விடுங்கள். லாவோஸ் சுங்கம் தந்த தாளில் மோட்டார் வெளியேற வேண்டிய தேதி இருக்கும். சீனாவிலிருந்து திரும்பும் டிக்கெட்டை அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்னதாகப் போடுங்கள்.