மருத்துவ மேடை: மஞ்சள் கேப்சூலும் மாமியாரின் மாத்திரையும்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 71. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பார்க்கின்சன் நோய்க்கு மடோபார் மாத்திரையும், இருதயக் கோளாறுக்கு வார்ஃபரினும் சாப்பிடுகிறார். தெரிந்தவர் ஒருவர் மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூலைக் கொடுத்து, ஆறு மாதத்தில் நடுக்கம் நின்றுவிடும், ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். இரண்டு வாரமாகக் கொடுத்து வருகிறேன். தொடரலாமா?
– ஒரு மருமகள், சுங்கை சிப்புட்

பதில்: தொடர வேண்டாம், சகோதரி. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினைச் சாப்பிடுபவருக்கு இந்தக் கேப்சூல் அறவே ஆகாது.

பார்க்கின்சன் நோயில், மூளையில், உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் சிறுகச் சிறுக அழிகின்றன. அவற்றுக்குள் ஆல்ஃபா சினுக்ளின் என்னும் புரதம் திரண்டு கட்டியாகிக் கிடக்கும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் அப்புரதம் திரள்வதைச் சோதனைக் குழாயில் தடுக்கிறது, எலிகளிலும் ஓரளவு பலன் காட்டியிருக்கிறது என்பது உண்மையே. விற்பவரின் பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சிறியவை. அது நோயை நிறுத்தும் என்று அவற்றில் எதுவும் நிறுவவில்லை.

மஞ்சள் தூளில் குர்க்குமின் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்குதான். விழுங்குவதிலும் மிகச் சொற்பமே இரத்தத்தில் சேரும் என்பதால்தான் மிளகிலுள்ள பைப்பரினைக் கூட்டுகிறார்கள். 2 கிராம் குர்க்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியதாக 1998இல் இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். மருந்துகளைக் கல்லீரல் சிதைத்து வெளியேற்றும் வேலையைப் பைப்பரின் மந்தப்படுத்துவதே இதற்குக் காரணம். அந்த மந்தம் குர்க்குமினோடு நின்றுவிடாமல், கூடச் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் உடம்பில் தேங்க வைக்கக்கூடும். போதாக்குறைக்குக் குர்க்குமினே இரத்தம் உறைவதைச் சற்றுத் தாமதப்படுத்தும். இத்தகைய கேப்சூல்களால் கல்லீரல் அழற்சி கண்டவர்களும் உண்டு. ரசத்திலும் மீன் கறியிலும் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை, வழக்கம்போல் சமையுங்கள்.

மடோபாரைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் நினைவுத் தடுமாற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மாத்திரையில் இருப்பது லெவோடோபா; மூளைக்குள் டோபமினாக மாறுவது அதுதான். குடலில் அது உறிஞ்சப்படும்போது உணவிலுள்ள புரதம் போட்டிக்கு வருவதால், காலையில் பால் கலந்த மைலோவோடும் அவித்த முட்டையோடும் மாத்திரையை விழுங்கினால், பத்து மணிக்கும் கை நடுங்கிக் கோப்பை தளும்பிக்கொண்டிருக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ வெறும் தண்ணீரில் கொடுத்துப் பாருங்கள். இரும்புச் சத்து மாத்திரையும் லெவோடோபாவைக் கட்டிப்போடும், ஆகவே இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். என் அனுபவத்தில், மாத்திரை வேலை செய்யவில்லை என்று வருபவர்களில் பலருக்கு மருந்தை மாற்ற வேண்டியிருப்பதில்லை, நேரத்தை மாற்றினாலே போதும்.

நாட்டு மருந்தென்றாலே வெறும் நம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன். செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே மண்ணை மூடப் படரவிடும் மூக்குனா கொடியைப் பார்த்திருப்பீர்கள். அதன் உறவான பூனைக்காலியின் விதையில் லெவோடோபாவே இருக்கிறது. மஞ்சளில் அது கிடையாது. ஆனால் பூனைக்காலிப் பொடியை மடோபாரோடு சேர்த்தால் அளவு மிஞ்சி, வாந்தியும் தலைச்சுற்றலும் கைகால் தன்னிச்சையாக முறுக்கிக்கொள்வதும் வரும் என்பதால் அதையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

புட்டியில் சுகாதார அமைச்சின் பதிவைக் காட்டும் மால் (MAL) எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவு இருந்தாலும் நோய் தீரும் என்பதற்கு அது சான்று ஆகாது. இரண்டு வாரம் சாப்பிட்டுவிட்டார் என்பதால், அடுத்த தேதிக்குக் காத்திராமல் இந்த வாரமே புட்டியோடு கிளினிக்குக்குப் போய், மருந்தாளரிடம் காட்டி, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் (INR) இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஈறில் இரத்தம் கசிந்தாலோ, மலம் கறுத்தாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.